சாவிக்கொத்தில் ஒரு விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், வீட்டை விட்டு இறங்கும்போது சாவிக்கொத்தில் ஒரு சிறிய டார்ச்சை மாட்டிக்கொள்வது நல்லது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் வந்த கடிதங்கள் என் மேசையின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டன. மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தில் வேலை செய்பவருக்குத் தேவையான விளக்கும், கடற்கரையில் வள்ளம் தள்ளுபவருக்குத் தேவையான விளக்கும் ஒன்றல்ல என்பதால், ஒரே பதிலாக எழுதிவிடாமல், தேர்ந்தெடுத்த கடிதங்களுக்குத் தனித்தனியே விடை எழுதுகிறேன்.

கேள்வி: கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறது. அதற்கு மேல் சாவிக்கொத்தில் இன்னொன்று எதற்கு? வீண்செலவு அல்லவா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: ஐயா, 2017 நவம்பர் 30 வரை நானும் உங்களைப் போலத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டில் முதல் இரவு முழுவதும் கைப்பேசியின் வெளிச்சத்திலேயே அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடந்தோம். மறுநாள் உறவினர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று கேட்க வேண்டிய வேளையில் அது அணைந்து கிடந்தது. பேசுவதற்கு உதவ வேண்டிய பேட்டரியை விளக்காக எரித்துத் தீர்த்தது எங்கள் பிழை.

அவசரக் காலத்தை விட்டுவிட்டு அன்றாடத்தைப் பார்த்தாலும், கைப்பேசி விளக்கின் ஒளி அகலமாகப் பரவுமே தவிர, தூரம் போகாது. மழையில் நனைந்த விரலுக்குத் திரை பணியாது. கிணற்று மோட்டாரின் பின்புறத்தையோ ஸ்கூட்டரின் அடிப்பகுதியையோ பார்க்க வேண்டுமென்றால், விலையுயர்ந்த அந்தப் பலகையை எண்ணெய்க் கையோடு பிடித்துக் குனிய வேண்டும். விரல் அளவு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டே இரண்டு கைகளாலும் வேலை பார்க்கலாம். செலவு வீணா இல்லையா என்பதை ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்தபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் விடியற்காலை மூன்று மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போகிறவன். தலையில் கட்டும் விளக்கு இருக்கிறது. அது திடீரென்று அணைந்தால் கைகொடுப்பதற்குச் சிறிய டார்ச் ஒன்று வேண்டும். கடையில் 1000 லூமென், 2000 லூமென் என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். எத்தனை லூமென் வாங்குவது? – பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

பதில்: அட்டையில் உள்ள எண்ணை முதலில் சந்தேகப்படுங்கள். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியின் மொத்த அளவு. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் தோராயமாக ஒரு வாட் மின்திறனுக்கு 100 லூமென் ஒளி தருகின்றன என்று வைத்துக்கொண்டால், 1000 லூமெனுக்கு 10 வாட் வேண்டும். டி.வி. ரிமோட்டில் போடும் ஏஏஏ அளவுள்ள ரீசார்ஜ் பேட்டரி ஒன்றில் இருப்பதோ ஏறத்தாழ ஒரு வாட்-மணி ஆற்றல்தான். அந்தக் கணக்குப்படி, பேட்டரியால் அவ்வளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் தர முடிந்தாலும், ஆறு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே, விரல் பருமனுள்ள அந்தக் குழாய் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டுவிடும். ஆகவே, சாவிக்கொத்து டார்ச்சின் அட்டையில் ஆயிரக்கணக்கில் எண் இருந்தால், அது பெரும்பாலும் அச்சகத்தின் தாராளம்.

நேர்மையான தயாரிப்பாளர்களின் விளக்குகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டார்ச்சுகளை அளப்பதற்கு ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தர விதி 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, விளக்கைப் போட்ட 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் அளந்த ஒளியையே லூமென் என்று குறிப்பிட வேண்டும். எரியும் நேரத்தையோ, அந்தத் தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் கணக்கிடலாம். இதன் விளைவைக் கவனியுங்கள்: 300 லூமென் என்று தொடங்கி, சூடு தாங்காமல் சில நிமிடங்களில் 40 லூமெனுக்குத் தன்னைத் தானே இறக்கிக்கொண்டு, பிறகு ஒரு மணி நேரம் எரியும் விளக்குக்கு, ‘300 லூமென், ஒரு மணி நேரம்’ என்று எழுதினால் அது விதிப்படி பொய்யாகாது. வாங்குகிறவர் மட்டும் ஒரு மணி நேரமும் 300 கிடைக்கும் என்று எண்ணிக்கொள்வார்.

உங்கள் வேலைக்கு 100 லூமென் தாராளம் என்பது என் கருத்து. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு, தோட்டத்துப் பாதையில் நடக்க 10 முதல் 30 லூமென் போதும். ஒளியை இரட்டிப்பாக்கினால் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரிவதில்லை. இரண்டு மடங்கு வெளிச்சம் என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி தேவைப்படுகிறது. எனவே 100 லூமெனுக்கும் 150 லூமெனுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கொடுக்குமுன் யோசியுங்கள். அதைவிட, விளக்கைப் போட்டவுடன் எந்த அளவில் தொடங்குகிறது என்று கடையிலேயே பாருங்கள். முழுப் பிரகாசத்தில் தொடங்கும் விளக்கு, இருட்டில் பழகியிருந்த கண்ணை ஒரு நொடியில் கெடுத்துவிடும். கண் மீண்டும் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 நிமிடத்துக்கு மேலாகும். மங்கலான அளவில் தொடங்கி, இன்னொரு முறை திருகினாலோ அழுத்தினாலோ கூடும் விளக்கையே கேட்டு வாங்குங்கள்.

தூரத்துக்குத் தனி அளவு உண்டு, அது கேண்டலா. அந்த எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அட்டையில் உள்ள மீட்டர் கணக்கு வந்துவிடும். 400 கேண்டலா என்றால் 40 மீட்டர். ஆனால் அந்த 40 மீட்டரில் விழுவது முழுநிலவு வெளிச்சம் அளவுக்கான ஒளி மட்டுமே. அங்கே கிடப்பது கயிறா பாம்பா என்று பிரித்தறிய அது போதாது; பாதித் தூரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

பாம்பைப் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலைவிளக்கு கண்ணை ஒட்டியே இருப்பதால், தரையில் விழும் நிழல்கள் பொருளுக்குப் பின்னால் மறைந்து, சருகும் குழியும் கண்ணாடி விரியனும் ஒரே தட்டையாகத் தெரியும். சிறிய டார்ச்சை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்துச் சாய்வாக அடித்தால் ஒவ்வொன்றின் நிழலும் நீண்டு விழுந்து மேடுபள்ளம் துலங்கும். எனவே தலைவிளக்கு நன்றாக எரியும்போதும், மரத்தடியில் சிரட்டையை எடுக்கக் குனியுமுன் இதை ஒரு முறை அடித்துப் பார்ப்பது நல்லது. பாம்பின் கண் மாட்டின் கண்ணைப் போலப் பளிச்சிடும் என்று காத்திருக்க வேண்டாம். மாட்டின் கண்ணில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. பாம்பின் கண்ணில் அது இல்லை.

கேள்வி: பட்டன் செல், ஏஏஏ பேட்டரி, சார்ஜ் செய்வது என மூன்று வகைகளைக் காட்டுகிறார்கள். எது நல்லது? ஏஏஏ டார்ச்சில் அதே அளவுள்ள லித்தியம் பேட்டரியைப் போட்டால் இரண்டு மடங்கு பிரகாசமாக எரியும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? – வியாபாரி, மார்த்தாண்டம்

பதில்: பட்டன் செல்லில் எரிவது மிகச் சிறியது, கனமே தெரியாது, வருடக்கணக்கில் சும்மா கிடந்தாலும் சக்தியை இழக்காது. அதில் போடும் சிஆர்2032 என்ற பெயரிலேயே அதன் அளவு அடங்கியிருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். ஆனால் அது கடிகாரத்துக்கும் கணக்குப்பொறிக்கும் துளித்துளியாக மின்சாரம் தருவதற்காக உருவான செல். விளக்குக்காகக் கூடுதலாக உறிஞ்சினால் தளர்ந்துவிடும். நிமிடத்துக்கு நிமிடம் ஒளி மங்கிக்கொண்டே போகும். பூட்டுத் துவாரத்தைத் தேடவும் பேருந்து டிக்கெட்டைப் படிக்கவும் போதும்.

சார்ஜ் செய்யும் வகை பிரகாசத்தில் முன்னால் நிற்கிறது. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியைப் பெரும்பாலானவற்றில் கழற்ற முடியாது என்பதால், சில ஆண்டுகளில் பேட்டரி சோர்ந்தால் விளக்கும் போய்விடும். கையிருப்பு தீர்ந்த இடத்தில் கரண்டும் இல்லையென்றால் அது வெறும் உலோகத் துண்டு.

நான் வைத்திருப்பது ஏஏஏ வகை. பேச்சிப்பாறையில் உள்ள பெட்டிக்கடையிலும் அந்தப் பேட்டரி கிடைக்கும் என்பதே எனக்குப் போதுமான காரணம். ஆனால் சாதாரண ஆல்கலைன் பேட்டரியைப் போட்டு மறந்துவிட்டால், உள்ளிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து, திருகை இறுக்கிப் பிடித்துவிடும். என் பழைய டார்ச் ஒன்று அப்படித்தான் வீணானது. கசிவு குறைவாக இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரம் போகக் காயவைத்துப் பார்க்கலாம். தினமும் பயன்படுத்துகிறவர் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரியை வாங்குவது நல்லது. கசிவதும் அரிது, நூற்றுக்கணக்கான முறை சார்ஜும் ஏறும்.

நண்பர் சொல்வது 10440 என்ற லித்தியம்-அயன் பேட்டரியாக இருக்க வேண்டும். அளவில் அது ஏஏஏ பேட்டரியின் இரட்டைப் பிறவி. மின்னழுத்தமோ 1.5 வோல்ட் அல்ல, 3.7, முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2. அதற்கென்று வடிவமைக்காத டார்ச்சில் போட்டால் உள்ளிருக்கும் சுற்று கருகிவிடலாம், அல்லது விளக்கு கட்டுக்கடங்காமல் எரிந்து சட்டைப்பையிலேயே சூடேறலாம். விளக்கோடு வந்த தாளில் 10440 போடலாம் என்று தெளிவாக எழுதியிருந்தாலன்றிச் செய்ய வேண்டாம். பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் வீட்டில் வேறு யாராவது எடுத்து டி.வி. ரிமோட்டில் போட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: தோவாளைச் சந்தையில் விடியுமுன் பூ வாங்குகிறேன். என் சிறிய டார்ச்சில் எல்லாப் பிச்சியும் ஒரே வெள்ளையாகத் தெரிகிறது; கடையில் இறக்கிய பிறகுதான் வாடலும் நிறமாற்றமும் தெரிகிறது. விளக்கில் கோளாறா, என் கண்ணில் கோளாறா? – பூ வியாபாரி, தோவாளை

பதில்: அம்மா, உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது உண்மையில் நீல விளக்கு. நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு ஒன்று பூசியிருப்பார்கள்; நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும். அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற கண்டுபிடிப்பானாலும், மலிவான பூச்சுள்ள விளக்கில் சிவப்பு ஒளி மிகவும் குறைவு. பிச்சி மொட்டின் வெளிப்புறத்தில் ஓடும் இளஞ்சிவப்புச் சாயலையும், வாடத் தொடங்கிய இதழின் ஓரத்தில் ஏறும் பழுப்பையும் காட்டச் சிவப்பு வேண்டும். விளக்கிலேயே இல்லாத நிறத்தைப் பூ எப்படித் திருப்பித் தரும்?

வாங்கும்போது சி.ஆர்.ஐ. என்ற எண்ணைக் கேளுங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100-ஐ உச்சமாகக் கொண்ட மதிப்பெண் அது. சாதாரண டார்ச்சுகள் 70-ஐ ஒட்டி இருக்கும். உங்களுக்கு 90-க்கு மேல் வேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த மதிப்பெண் எட்டு வெளிர்நிறங்களின் சராசரி. அவற்றில் அழுத்தமான சிவப்பு இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. கனகாம்பரமும் ரோஜாவும் வாங்குகிறவர் அதையும் பார்ப்பது நல்லது. நிற வெப்பநிலை 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் பாய்ந்த வெளிச்சம். 4000 முதல் 5000 வரை இருந்தால் பகல் வெளிச்சத்தில் பார்த்த நினைவோடு ஒத்துப்போகும். இப்படிப்பட்ட விளக்குகளில் லூமென் சற்றுக் குறையும். கூடையை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல.

கேள்வி: கடலுக்குப் போகும்போது கொண்டுபோன அலுமினிய டார்ச் ஆறே மாதத்தில் வளையம் மாட்டும் இடத்தில் அரித்துவிட்டது. ஐ.பி.எக்ஸ்.7, தண்ணீர் புகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். – மீனவர், குளச்சல்

பதில்: தண்ணீர் புகாதது என்பதும் உப்பு அரிக்காதது என்பதும் வேறு வேறு. ஐ.பி.எக்ஸ்.7 என்பது நல்ல தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது என்பதற்கான சோதனை. கடல்நீரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உங்கள் விளக்கில் நடந்தது இதுவாக இருக்கலாம்: அலுமினிய உடலில் துருப்பிடிக்காத எஃகு வளையம் உரசி உரசி, மேலே இருந்த அனோடைஸ் பூச்சு தேய்ந்துவிட்டது, இரண்டு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்ததும் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, அலுமினியம் கரையத் தொடங்கிவிட்டது. எஃகு வளையம் புத்தம்புதிதாக இருக்கும், அரிபடுவது அலுமினியம்தான்.

உங்களுக்குப் பிளாஸ்டிக் உடலோ டைட்டானியம் உடலோ பொருந்தும். டைட்டானியத்தைக் கடல்நீர் ஒன்றும் செய்யாது. ஆனால் அது வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடப் பல மடங்கு மந்தம் என்பதால், அதிகப் பிரகாசத்தில் வைத்தால் தலைப்பகுதி மட்டும் சுடும். விலையும் அதிகம். கெட்டியான பிளாஸ்டிக் போதும் என்றே சொல்வேன். பித்தளை அழகானதுதான், கடற்காற்றில் பச்சை பிடிக்கும். சார்ஜ் துவாரம் உள்ளவற்றைத் தவிருங்கள். ரப்பர் மூடி எத்தனை இறுக்கமாக இருந்தாலும் ஒருநாள் மூட மறந்துவிடுவோம். கரைக்கு வந்ததும் விளக்கை மூடியபடியே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். திருகு மரையில் உள்ள ரப்பர் வளையத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருக்கிறது. இங்கே வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை என் சாவிக்கொத்தைத்தான் விளையாட்டுப் பொருளாகக் கேட்கிறது. அதில் பட்டன் செல் டார்ச் இருக்கிறது. பயப்பட வேண்டுமா? – இல்லத்தரசி, வடசேரி

பதில்: கட்டாயம் பயப்பட வேண்டும், இன்றே அதைக் கொத்திலிருந்து கழற்றிவிடுங்கள். சிஆர்2032 போன்ற செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், அங்கிருக்கும் ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து, சுற்றியுள்ள திசுவை அரிக்கும் காரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண் ஏற்பட்டுவிடலாம். விளக்கை எரிக்க முடியாத அளவுக்குத் தீர்ந்த செல்லிலும் அதற்குப் போதுமான மின்னழுத்தம் மீதி இருக்கும் என்பதால், பழைய செல்லைக் குப்பைக்கூடையில் சும்மா போடுவதும் ஆபத்து. ஒட்டுநாடா சுற்றி அப்புறப்படுத்துங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், விடியட்டும் என்று காத்திருக்காமல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல எக்ஸ்ரே வசதியுள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அப்படியே.

கேள்வி: யு.எஸ்.பி. சி துவாரம் உள்ள டார்ச் வாங்கினேன். என் கைப்பேசியின் சார்ஜரில் போட்டால் ஏறவே இல்லை. விளக்கு பழுதா? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: பழுதாக இல்லாமலும் இருக்கலாம். இரண்டு முனையிலும் சி உள்ள கேபிளில், எதிர்முனையில் ஒரு கருவி இருக்கிறது என்று சார்ஜர் தெரிந்துகொள்வதற்குக் கருவிக்குள் சிறு மின்தடைகள் இருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்கும் சிலர் அவற்றை வைப்பதில்லை. சார்ஜரும் மின்சாரத்தைத் திறந்துவிடுவதில்லை. ஒரு முனையில் பழைய அகலமான யு.எஸ்.பி. உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதில் ஏறினால் விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

கேள்வி: திருவனந்தபுரம் வழியாகத் துபாய்க்கு வேலைக்குப் போகிறேன். சாவிக்கொத்து டார்ச்சைப் பெட்டியில் போடலாமா? பையிலேயே எரிந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. – வாசகர், கருங்கல்

பதில்: கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியைத் தனியாக, உதிரியாகக் கொண்டுபோவதானால், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில், முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, சில்லறைக் காசும் சாவியும் உரசாதபடி தனி உறையில் வைக்க வேண்டும். தானாக எரிவதைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பக்கவாட்டில் பட்டன் உள்ள விளக்கு நெருக்கத்தில் அழுந்தித் தானே எரியும். சட்டைப்பையில் சூடுபட்டுத் திடுக்கிட்டவர்கள் உண்டு. பட்டனைப் பூட்டும் வசதி இருந்தால், எத்தனை முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் என்று தாளைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். தலையைத் திருகி எரிக்கும் வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதில் இன்னொரு தொல்லை உண்டு: நடந்து நடந்து மரை தானே தளர்ந்து, ஒருநாள் தலை மட்டும் கொத்தில் தொங்க, உடலும் பேட்டரியும் எங்கோ விழுந்திருக்கும். வளையம் தலையில் மாட்டியிருக்கிறதா உடலில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, பயணத்துக்கு முன் அரைச்சுற்று மட்டும் தளர்த்தி, எரியவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள்.